களரியிலும் சேரியிலும் வளரும் நட்பு

மட்டக்களப்பு நாட்டினை இரு கூறாக வகுத்து நிற்பது அதன் வாவியாகும். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையதாய்க் கிடக்கும் இந்நீர்ப்பரப்பின் கீழ்பாலுள்ள நிலத்தை எழுவான்கரை என்றும், மேல்பாலுள்ள நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்பன அப்பெயர்களின் பொருளாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரமும் மண்டூர் முருகன் கோயிலும் படுவான்கரையில் உள்ளன. அவற்றின் விழாக்காலங்களிலே எழுவான்கரை மக்கள் துறை கடந்து சென்று, இரவு பகலாகத் தங்கி மீள்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஓடத்திலே ஒருங்கிருந்தவர், மரநிழலிலே ஒரே அடுப்பிற் பொங்கியவர், ஓரிரவு முழுதும் ஒரு கூத்தினை அருகருகே அமர்ந்து கண்டவர் ஆகியோரிடையே எழும் நட்பு ஒருவகைத் தனித்தன்மை உடையது. அதனை ஆராய்ந்து, அதனால் விளையும் நன்மையோடு இடர்களையும் எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறவு வேறு, நட்பு வேறு என்பதை யாவரும் அறிவர். மட்டக்களப்பிலோ இவ்வேறுபாடு ஏனைய இடங்களினும் ஆழமானது. இங்குக் குடி என்னும் பிரிவு தாய்வழியாக வருவது. ஒரே குடியிற் பிறந்தோர் தம்முள் மணத்தல் ஆகாது. மணமகன் மனைவியின் இல்லத்திற் சென்று வாழ்தலே பெருவழக்கு. ஆகவே ஓர் ஆடவன் பிறந்த நாளிலேயே அவனுடைய மாமன் யார், மைத்துனன் யார், எவ்வீட்டில் அவன் பெண் கொள்ளலாம், எவ்வீட்டிற் கொள்ளலாகாது என்பனவெல்லாம் முன்னரே வரையறுக்கப்பட்டுவிடும். அவன் தானே தெரிந்து கொள்ளும் உறவு நட்பு ஒன்றுதான். அந்நட்பு விளைதற்குரிய இடம் வயல் என்றும் வாவி என்றும் கூறலாம். எனினும் அவையிரண்டும் தொழிலிடங்கள். தொழிலும் உறவும் கட்டளையிடாத இடத்திலே, ஒரு கலையின்மேலுள்ள விருப்பம் ஒன்றே காரணமாக மக்கள் கூடும் இடம் கூத்துக்களரியே என்க.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடி பெரும்பாலும் பாரத இராமாயணப் போர்க்கதைகளைத் தழுவியது, ஆட்டம் மிக்கது. தென்மோடி காதலும் அவலமும் கலந்த கதைகளை விரும்புவது, இசைநயம் மிக்கது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டிலே பதிப்பித்த அலங்காரரூபன் நாடகம் தென்மோடிக்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. இம்மோடிகளின் அமைப்பு வேறுபாட்டினைப் பேராசிரியர் சி. மௌனகுரு 1998இல் வெளிவந்த தமது ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அதனை ஈண்டு மீண்டும் கூறவேண்டுவதில்லை. இங்கு நோக்கப்படுவது கூத்தின் இலக்கணமன்று. கூத்தர் தம்முள் எவ்வாறு பழகினர் என்பதே.

ஊரிலே கூத்தொன்று ஆடுவதென்று முடிவாயின், முதலில் அண்ணாவியாரை அழைப்பர். அவர் அயலூரவராயின் அவருக்கு உணவும் உறைவிடமும் அளிப்பது ஊரார் கடன். பின்னர் ஒரு நல்ல நாளிலே சட்டங்கொடுத்தல் நிகழும். சட்டம் என்பது ஒரு பாத்திரத்துக்குரிய பாடலும் வசனமும் அடங்கிய பகுதி. குரலையும் உடற்கட்டையும் தாளவுணர்வையும் ஆராய்ந்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என அண்ணாவியார் ஊர்ப்பெரியோர் முன்னிலையிலே வெற்றிலையோடு சட்டத்தினை அளிப்பர். அதன்பின் பல திங்கள் இரவுதோறும் பயிற்சி நடைபெறும். தாளக்கட்டுக்கு ஏற்ப ஆடப் பழகிய பின் சதங்கை அணிதல், அதன்மேல் அடுக்குப் பார்த்தல், இறுதியில் அரங்கேற்றம். அரங்கேற்றத்தோடும் அது முடிவதில்லை. வீடு வீடாகச் சென்று ஆடுவதும் உண்டு.

இத்துணை நீண்ட பயிற்சியின் பயன் யாது? ஆட்டம் செம்மையுறுதல் வெளிப்படையான பயன். வெளிப்படாத பயன் ஒன்று உண்டு. பகலெல்லாம் வயலில் உழைத்த இளைஞர் இருபதின்மர், முப்பதின்மர் இரவு நடுயாமம் வரை ஒருங்கே நின்று, ஒருவன் கால் தவறினால் யாவரும் மீண்டும் தொடங்கவேண்டிய நிலையிற் பழகுவர். ஒருவனுடைய பொறுமை, சினம், பொறாமை, சோம்பல், ஈகை எல்லாம் அக்காலத்தில் மறைக்கவொண்ணாதபடி வெளிப்பட்டுவிடும். திருவள்ளுவர் பொருட்பாலிலே நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தலை வைத்தார். அதன்பின் பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என மேலும் மூன்று அதிகாரம் வகுத்தார். நட்பின் சிறப்பைக் கூறும் அதிகாரம் ஒன்றாக, அதனை ஆராய்வதும் காப்பதும் தவிர்ப்பதும் பற்றியன நான்காக அமைந்தமை சிந்திக்கற்பாலது. களரிப் பயிற்சி என்பது அந்நட்பாராய்தலுக்கு ஊரார் தம்மையறியாமலே அமைத்துக்கொண்ட பாடசாலை எனலாம். ஓரிரவுக் கூத்தினைக் காண வந்தோரிடையே எழும் நட்புக்கு இவ்வாய்ப்பு இல்லை. விழாவின் விளக்கொளியும் மத்தள ஒலியும் உள்ளத்தை நெகிழச் செய்கின்றன. நெகிழ்ந்த உள்ளம் அயலானை நெடுநாட் பழகியவனாகக் கருதுகின்றது. பாட்டினை ஒருவன் சுவைக்கும் திறன் அவன் கடனைத் திருப்பித் தருவான் என்பதற்குச் சான்றாகாது. ஆயினும் விழாக் கூட்டத்திலே இளைஞர் இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பான்மை.

இனி, களரியிலே தோன்றும் பூசல்களை நோக்குவோம். பாத்திரப் பங்கீடே முதலாவது பூசல். அரசனாக ஆட விரும்புவோர் பலர். சேவகனாக ஆட விரும்புவோர் சிலர். பெண் பாத்திரங்களையும் ஆடவரே தாங்கி வந்தமையின், அவற்றை ஏற்கும் இளைஞன் களரிக்கு வெளியே கேலிக்கு ஆளாவதும் நிகழும். தன் மகனுக்குக் கர்ணன் வேடம் கிடைக்கவில்லை என்று ஒரு தந்தை கூத்துக்கு உதவாது ஒதுங்கினால், அவருடைய குடியினர் யாவரும் ஒதுங்குவர்; கூத்தே நின்றுபோகும். ஆதலினாற்றான் அண்ணாவியார் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்னும் மரபு வகுக்கப்பட்டது. அவர் அயலூரவராக இருத்தலின் நன்மையும் இங்குப் புலனாகும். எக்குடிக்கும் அவர் மாமனுமல்லர், மைத்துனருமல்லர்.

இரண்டாவது பூசல் அரங்கேற்றத்தன்று எழுவது. தம் வீட்டுப் பிள்ளை களரிக்கு வரும்போது உறவினர் பட்டும் பணமும் அளித்துச் சிறப்பிப்பர். அன்பினால் எழுந்த இவ்வழக்கம் போட்டியாக மாறுதல் எளிது. ஒருவனுக்கு நான்கு சால்வை, அவனினும் நன்றாக ஆடிய ஏழை நண்பனுக்கு ஒன்றுமில்லை என்றால், பல திங்களாக வளர்ந்த நட்பு ஓரிரவிலே கசந்துவிடும். வேடப்பெயர் பட்டப்பெயராக நிலைத்துவிடுவதும் இவ்வகையினதே. தருமனாக ஆடியவனை வாழ்நாள் முழுதும் தருமன் என்றழைத்தால் அவன் மகிழ்வான். துச்சாதனனாக ஆடியவன் அவ்வாறு மகிழ்வான் என்று கொள்ளுதற்கில்லை.

களரி நட்பைப் புகழ்வோர் மறைத்துச் செல்லும் செய்தி ஒன்றுண்டு. கலை யாவரையும் ஒன்றாக்குகின்றது என்பர். ஆயினும் சாதி வரம்பு களரியிலே கரைந்ததில்லை. அவ்வச் சமூகத்தார் தத்தம் கூத்தினைத் தாமே ஆடினர். பறைமேளக் கூத்து இந்நாட்டின் அரிய கலைவடிவங்களுள் ஒன்றாயினும், அதனை ஆடியோர் பெற்ற மதிப்பு அக்கலையின் அருமைக்கு ஏற்றதாக இருந்ததில்லை. அருகருகே நின்று கூத்துக் கண்டவர் அடுத்த நாள் ஒரே பந்தியில் உண்ணாதிருந்தனர். பெண்களோ களரியைச் சுற்றிப் பாய்விரித்து அமர்ந்து, பாட்டுகளையெல்லாம் மனனம் செய்திருந்தும், களரியுள் ஏறும் உரிமையற்றிருந்தனர். ஒரு கூட்டத்தின் நட்பினை அளக்கும்போது, உள்ளே இருந்தோர் எவ்வளவு மகிழ்ந்தனர் என்பதனோடு வெளியே நிறுத்தப்பட்டோர் யாவர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

கூத்திலே போட்டி மறைமுகமானது. போட்டியையே உயிராகக் கொண்ட விழா கொம்புமுறி. இது கண்ணகி வழிபாட்டோடு இணைந்தது. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களிலே கண்ணகையம்மன் கோயில்கள் உள்ளன. இவற்றுட் பின்னைய இரண்டும் 1961இல் அமைக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தில் இன்று அடங்கும். வைகாசித் திங்களிலே கதவு திறந்து, கலியாணக்கால் நட்டு, குளிர்த்தியோடு நிறைவெய்தும் சடங்கு இக்கோயில்களின் சிறப்பாம். மழை பொய்த்தபோதும் அம்மை முதலிய நோய் பரவியபோதும் அன்னையின் சினம் தணியுமாறு கொம்புமுறி நடாத்தப்பட்டது. ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு பிரிவாகப் பிரிவர். சேரி என்பது ஈண்டுக் கட்சி என்னும் பொருளது. வடசேரியார் கோவலன் பக்கத்தார். தென்சேரியார் கண்ணகி பக்கத்தார். கோவலனும் கண்ணகியும் பூக்கொய்த காலத்தில் அவர்களுடைய கொக்கைத்தடிகள் ஒன்றோடொன்று சிக்குண்டன என்றும், அதன் நினைவே இவ்விளையாட்டு என்றும் கூறுவர். வளைந்த மரக்கொம்புகள் இரண்டினைக் கோத்து, வடங்களிற் பிணித்து இரு சேரியாரும் இழுப்பர். எவருடைய கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர். வென்றவர் ஆடியும் பாடியும் தோற்றவரை இகழ்வர்.

சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்தின் பொருட்டு நிகழும் அங்கெலிய என்னும் விளையாட்டு இதனோடு பெரிதும் ஒத்தது. அங்கும் கட்சிகள் இரண்டு: பாலங்கனுக்குரிய மேற்பக்கம், பத்தினிக்குரிய கீழ்ப்பக்கம். கண்டியரசிலே நெடுங்காலம் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலிலே, முழங்கை போல் வளைந்த கொம்புகளைக் கோத்திழுக்கும் இவ்விளையாட்டினையும் நோய் நீங்கும் பொருட்டு மக்கள் அதனை ஆடினர் என்பதனையும் குறித்துள்ளார். அம்மைநோய் உலகினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இலாகும். நோய் ஒழிந்தது, கட்சி கட்டும் இயல்பு ஒழிந்திலது!

கொம்புமுறியின் நுட்பம் அதன் சேரிப் பிரிவிலே தங்கியுள்ளது. முன்னர்க் கூறிய குடிமுறையினை ஈண்டு நினைவுகூர்தல் நலம். கணவனும் மனைவியும் ஒரே குடியினராதல் இயலாது. மைத்துனனும் மைத்துனனும் அவ்வாறே. ஆகவே சேரி எவ்வாறு பிரிந்தாலும், ஒரு சேரியான் எதிர்ச்சேரியிலே தனக்கு நெருங்கிய ஒருவரைக் காணாதிருத்தல் அரிது. வசைப்பாட்டினை உரக்கப் பாடுபவன், அவ்வசை தன் மனைவியின் அண்ணனையும் சேரும் என்பதை அறிந்தே பாடுகின்றான். இவ்வறிவு நாவுக்கு ஓர் அணையாகும். மேலும், வசைக்குக் காலவெல்லை உண்டு. சடங்கு முடிந்து குளிர்த்தி நிகழ்ந்ததும் அன்னை குளிர்ந்தாள். அன்னை குளிர்ந்தபின் மக்கள் கொதித்திருத்தல் பாவம் எனக் கருதப்பட்டது. பகை இருந்த இடத்தை விட்டு அகலாதிருக்க, அதற்கொரு வேலியும் வாயிலும் அமைத்தனர் முன்னோர்.

அவ்வேலி எப்போதும் தாங்கிற்று என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். கள்ளும் சாராயமும் கலந்த இடத்தில் வசை கைகலப்பாக முடிதல் இயற்கை. பழைய காணிவழக்கும் பெண்வழக்கும் சேரிப்பாட்டின் மறைவிலே வெளிவந்து, தெய்வத்தின் பெயரால் அடிதடி நிகழ்தற்கும் அங்கு இடமிருந்தது. வசைப்பாட்டினைப் பண்பாட்டுச் செல்வமெனப் போற்றும் இக்காலத்தார் சிலர், அவ்வசைகளுட் பல பெண்களின் கற்பினையே குறிவைத்தன என்பதனை மறந்துவிடுகின்றனர். இன்று பெரும்பாலான ஊர்களிற் கொம்புமுறி அருகிவிட்டமைக்குக் காரணங்கள் பலவாம். சண்டைக்கு அஞ்சிய பெரியோரின் தயக்கமும் அவற்றுள் ஒன்றென ஊகிக்கலாம்.

வேலியின்றிக் கட்சி வளர்ந்தால் நேர்வது யாதென்பதற்கு ஐரோப்பிய வரலாறு ஒரு கொடிய சான்று தருகின்றது. கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரிலே தேரோட்டப் போட்டியைக் காணக் கூடிய மக்கள் நீலக்கட்சி, பச்சைக்கட்சி எனப் பிரிந்திருந்தனர். தேரோட்டிகள் அணிந்த ஆடையின் நிறமே கட்சியின் பெயர். இந்நிறத்தின் பொருட்டு உடன்பிறந்தாரும் நண்பரும் தம்முட் பகைத்தனர் என அக்காலத்து வரலாற்றாசிரியர் புரொகோப்பியசு வியந்து எழுதியுள்ளார். கி. பி. 532ஆம் ஆண்டு தை மாதத்தில் இரு கட்சியாரும் யசுத்தீனியப் பேரரசனுக்கு எதிராக ஒன்றுகூடிக் கிளர்ந்தனர்; நகரின் பெரும்பகுதி எரிந்தது; தேரோட்டக் களத்திலேயே முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது அவர் தரும் கணக்கு. அந்நகரிலே நீலத்தையும் பச்சையையும் மீண்டும் மைத்துனராக்கும் சடங்கு எதுவும் இருக்கவில்லை.

சிறிய கூட்டங்களிலும் இவ்விடர் உண்டு. 1939ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நியூயோர்க் நகரிலே அறிவியற் புனைகதை விரும்பிகளின் முதலாவது உலக மாநாடு நடைபெற்றது. வந்தோர் ஏறக்குறைய இருநூற்றுவரே. எனினும் வாயிலிலேயே பூசல் எழுந்தது. எதிர்க்குழுவினர் துண்டுப்பிரசுரம் பரப்புவர் என அஞ்சிய அமைப்பாளர், அக்குழுவினர் அறுவரை உள்ளே விடவில்லை. அதே குழுவைச் சேர்ந்த இளைஞரான ஐசாக் அசிமோவ் தடுக்கப்படாது உள்ளே சென்று அமர்ந்தார். நண்பர்கள் வெளியே நின்றனர். ஒரே நூலை விரும்பியோர், ஒரே நகரில் வாழ்ந்தோர், ஏறத்தாழ ஒரே வயதினர் தம்முள் இவ்வாறு பிளவுற்றனர் என்றால், விருப்ப ஒற்றுமை ஒன்றே நட்புக்குப் போதிய அடிப்படையன்று என்பது தெளிவு. இத்தகைய மாநாடுகள் இன்று பேருருக் கொண்டுவிட்டன. கதைமாந்தர்போல் வேடம் புனைந்து வருவோரை, சிறப்பாகப் பெண்களை, அவர்தம் இசைவின்றித் தொடுதலும் படம்பிடித்தலும் பெருகியமையால், 2014இலே நியூயோர்க் மாநாட்டார் வேடம் புனைதல் இசைவாகாது என்னும் அறிவிப்பினை வெளிப்படையாக நிறுத்தினர். கரப்புடுப்பும் முடியும் அணிந்து நிற்பவனை வேடமாகவும், அதைக் களைந்தபின் மனிதனாகவும் வேறுபடுத்தி நோக்கும் பயிற்சி மட்டக்களப்பாருக்குப் புதியதன்று. ஆயினும் பெண்வேடம் தாங்கிய இளைஞனுக்கு அவர்கள் அதனை எப்போதும் வழங்கினரல்லர் என்பது மேலே காட்டப்பட்டது.

1983ஆம் ஆண்டின் பின் நேர்ந்த நெடும்போர்க் காலத்தில் இரவுக் கூட்டங்கள் பலவிடங்களில் இயலாவாயின. இருள் சூழ்ந்ததும் வீட்டினுள் அடங்கும் நிலையில் விடியுமளவும் கூத்தாடுவது எங்ஙனம்? ஒரு தலைமுறை இளைஞர் களரிப் பயிற்சியின்றியே வளர்ந்தனர். அவர் இழந்தது கலை மட்டுமன்று. நண்பனைப் பல திங்கள் அருகிருந்து ஆராயும் வாய்ப்பினையும் இழந்தனர். அயலூரான் யார், எவன் சார்பினன் என்னும் ஐயம் அக்காலத்திலே உயிர்காக்கும் அறிவாக இருந்தது. 2009இல் போர் ஓய்ந்தபின் விழாக்கள் மீண்டும் பெருகின, கூத்தும் பாடசாலைகளிலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஊர்களிலும் ஆடப்படுகின்றது, பெண்களும் களரியேறுகின்றனர். ஐயத்திலே வளர்ந்தோரும், ஐயமே அறியாத அவர்தம் பிள்ளைகளும் இன்று ஒரே கூட்டத்தில் நிற்கின்றனர். முன்னவர் எவரையும் நம்பார். பின்னவர் எவரையும் நம்புவர். விழாவிற்குச் செல்லும் மாணாக்கனுக்குத் தந்தை கூறும் அறிவுரை அவன் செவியில் ஏறாமைக்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

அவ்வறிவுரைதான் யாது? புதிய நண்பனோடு உண்ணலாம், பாடலாம், இரவு முழுதும் உரையாடலாம்; முதற் சந்திப்பிலே அவனிடம் கடன் பெறுதலும் கொடுத்தலும், துணையின்றி அவனோடு அறியாவிடம் செல்லுதலும், வீட்டுச் செய்திகளை அவனிடம் விரித்துரைத்தலும் தவிர்க்கற்பாலன. திரும்பிச் செல்லும் வழியும் நேரமும் தன்னுடன் வந்தார் ஒருவருக்காவது தெரிந்திருத்தல் வேண்டும். முற்காலத்தில் இதனைத் தனித்துக் கூறவேண்டியிருந்ததில்லை. கடைசி ஓடம் புறப்படும்போது வந்தவர் எல்லோரும் உளரா என ஓடக்காரரே எண்ணிப் பார்ப்பர். பல துறைகளிற் பாலம் அமைந்தபின் அவ்வெண்ணிக்கை மறைந்தது. மோட்டார்ச் சைக்கிளில் வந்தவன் எப்போது போனான் என்பதை அறிவார் இலர்.

இன்னுமொரு மாற்றம் இதனினும் பெரிது. சேரிப்பாட்டின் வசைக்குக் குளிர்த்தி எல்லையாயிற்று என்றால், அவ்வெல்லையைக் காத்தது மறதியே. பாடியவன் சொல் காற்றோடு போயிற்று. கேட்டவன் மறந்ததாகவேனும் நடித்தான். இன்றோ கூட்டத்தில் நிற்போர் கையிலெல்லாம் படம்பிடிக்கும் தொலைபேசி உள்ளது. களரியில் ஒருவன் தாளம் தவறியதும், மதுமயக்கத்திலே நண்பனை இகழ்ந்ததும், பெண்ணொருத்தியின் அருகே நின்றதும் படமாகிக் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் உள்ள உறவினர் வரை மறுநாளே சென்றடைகின்றன. அன்னை குளிர்ந்து, கதவு அடைத்து, அடுத்த வைகாசி வந்தபின்னரும் அவை அழிவதில்லை. சட்டங்கொடுக்கும் நாளிலேயே அண்ணாவியார், பயிற்சிக் காலத்தில் எவரும் படம் பிடித்தலாகாது என்று வெற்றிலையோடு உறுதி வாங்கின், அம்மரபிற்கு அது புறம்பானதாகாது. பல திங்கள் நீளும் அடுக்குகளிலே தவறுவதற்கு உரிமை இல்லையேல், சேவகன் வேடத்துக்குக்கூட இளைஞர் முன்வரமாட்டார்.